ஒலிநாடாவும் கத்தரியும்

நூல் வகைகளைக் கூறும் தொல்காப்பிய மரபியல், வழிநூல் நான்கு வகைப்படும் என்கிறது. தொகுத்தல், விரித்தல், தொகுத்தும் விரித்தும் அமைத்தல், பிறமொழியிலிருந்து பெயர்த்தல் என்பன அவை. அவற்றுள் தொகுத்தலே முதலில் எண்ணப்படுகிறது. விரிந்து கிடப்பதைச் சுருக்கித் தருவதைத் தமிழ் மரபு தாழ்ந்த பணியாகக் கருதவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் அம்மரபு ஒரு நிபந்தனையையும் உடன் வைத்தது. வழிநூல் என்று ஒன்று இருக்குமாயின் அதற்கு முன்னே முதனூல் ஒன்று இருத்தல் வேண்டும். தொகுப்பு தன் காலில் தானே நிற்பதன்று; தான் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டது.

எட்டுத்தொகை நூல்களைப் பற்றி வழங்கும் பழங்குறிப்புகள் இவ்வகையில் எண்ணத்தக்கன. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தொகுத்த புலவர் பெயரும் தொகுப்பித்த வேந்தன் பெயரும் ஏட்டோடு சேர்ந்தே காக்கப்பட்டன. தொகுப்பின் அளவுகோலும் மறைக்கப்படவில்லை. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி வரையுள்ளவை குறுந்தொகையாகவும், ஒன்பது முதல் பன்னிரண்டு அடி வரையுள்ளவை நற்றிணையாகவும், பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரையுள்ளவை அகநானூறாகவும் வகுக்கப்பட்டன. நீளமே தொகுப்பின் வாயிலாக நின்றது. ஆனால் அவ்வாயிலுக்கு வெளியே நின்ற பாடல்கள் எவை, பாடியோர் யாவர் என்பதற்குச் சுவடு எதுவும் எஞ்சவில்லை. தொகை நிலைத்தது, தொகைக்குள் வாராதது மறைந்தது.

ஓலையில் நிகழ்ந்த இத்தொகுப்புப் பணி இருபதாம் நூற்றாண்டில் மனிதக் குரலுக்கும் வந்து சேர்ந்தது. மணிக்கணக்கில் பேசப்பட்ட பேச்சைச் சில நிமிடங்களாகவோ சில பக்கங்களாகவோ சுருக்கும் வேலை தோன்றியபோது, பழைய வினாக்களே புதிய உருவில் எழுந்தன. தொகுப்பவர் யார்? எதைக் கொள்கிறார், எதைத் தள்ளுகிறார்? தள்ளியது எங்கே போகிறது? இவ்வினாக்கள் முழு வலிவோடு எழுந்த இடம் கோட்டக்குப்பத்தின் வாயிற்படியிலேயே இருக்கிறது.

இரவால் அளந்த மண்

புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் முத்தியால்பேட்டையைக் கடந்ததும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டு எல்லையுள் புகுகின்றனர். 1954ஆம் ஆண்டு நவம்பர் வரை அந்த எல்லை இரு பேரரசுகளின் எல்லையாக இருந்தது. தெற்கே பிரெஞ்சு ஆட்சி, வடக்கே 1947 வரை ஆங்கிலேய ஆட்சி, பின்னர் விடுதலை பெற்ற இந்தியா. 1993இல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கோட்டக்குப்பம் அதன் வானூர் வட்டத்துள் அமைந்தது.

இவ்வட்டாரம் சொல்லை நாழிகையால் அளந்ததில்லை, இரவால் அளந்தது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் தெருக்கூத்து முன்னிரவில் தொடங்கி விடியலில் முடியும். திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பாரதம் நாள்தோறும் பகலில் படித்துப் பொருள் சொல்லப்பட்டு, இரவில் கூத்தாக ஆடப்படும். ஒரு சூதாட்டக் காட்சி முழு இரவையும் எடுத்துக்கொள்ளும். செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் 1988இலும் 1991இலும் இரு பெருந்தொகுதிகள் எழுதினார். அவ்விழாக்களைப் பற்றி அவர் உருவாக்கிய ஒளிப்படம் 1988இல் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. பல நாள் விழா சில மணிக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஆயின் அப்படத்திற்குப் பின்னே விரிந்த இரு நூல்கள் நின்றன. படத்தில் விடுபட்டதை நாடுவோர் நூலுக்குச் செல்ல இயலும். சுருக்கத்திற்கு அருகே விரிவும் இருந்ததனால் அது குறையாகவில்லை.

குரல் பதியாத காலம்

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கைஸ்பர்க் 1902இல் கல்கத்தாவிற்கு வந்து இந்தியக் குரல்களைப் பதிவு செய்தார். பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். இரவு முழுவதும் நீளும் கலைகள் இம்மூன்று நிமிட வாயிலின் முன் வந்து நின்றன. பாட்டு ஒருவாறு தன்னைச் சுருக்கிக்கொண்டது. பேச்சு பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டது.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். தம் பாடல்களைத் தாமே பாடிக் காட்டும் இயல்பினர். அவர் வாழ்ந்த காலத்தில் இசைத்தட்டு தமிழ்நாட்டில் வழக்கிற்கு வந்துவிட்டது. எனினும் அவர் குரல் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்து 1950 திசம்பரில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரின் குரலும் பதிவாகவில்லை. அவருடைய உரையாடல்கள் ஏ. பி. புராணி, நிரோத்பரன் ஆகிய அன்பர்கள் கேட்டு, நினைவில் நிறுத்தி, பின்னர் எழுதிவைத்த குறிப்புகளாகவே எஞ்சின. அங்கே தொகுத்தது மனித நினைவு. நினைவு தான் விட்டவற்றை எங்கும் சேமித்து வைப்பதில்லை. ஆகவே அக்குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க முதனூல் கிடையாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் இவ்வகையினதே. 1736 முதல் கால் நூற்றாண்டுக் காலம் அவர் கேட்ட பேச்சுகள் அவர் எழுதிய அளவில்தான் இன்று கேட்கின்றன.

பேச்சு இசைத்தட்டிற்குள் வெற்றியோடு நுழைந்தது திரைப்படத்தின் வழியே எனலாம். 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் உரையாடல்கள் இசைத்தட்டுகளாக வந்து தெருவெங்கும் ஒலித்தன. 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் தருமி, நக்கீரர் உரையாடல்கள் படம் பார்க்காதவர்க்கும் மனப்பாடமாயின. வானொலி நிலையங்கள் 'ஒலிச்சித்திரம்' என்ற பெயரில் முழுப் படத்தையும் ஏறத்தாழ ஒரு மணிக்குள் சுருக்கித் தந்தன. கண்ணுக்கு மட்டுமே உரிய காட்சிகளை நீக்கி, கதைத் தொடர்ச்சிக்கு இன்றியமையாத சொற்களை மட்டும் நிறுத்தும் நுட்பம் அதில் இருந்தது. வானொலியில் கேட்டவர்கள் படத்தைக் கொட்டகையிலும் காண முடிந்தது. அங்கும் முதனூல் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது.

நாடா தந்த நீளம்

இசைத்தட்டின் மூன்று நிமிடச் சிறையை உடைத்தது காந்த ஒலிநாடா. ஜெர்மனியில் 1930களில் உருவான இக்கருவி இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் பரவியது. 1,200 அடி நாடா, நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஏறத்தாழ அரை மணி ஓடும்; வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு மணி ஓடும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கையடக்கக் கேசட்டு, 60 நிமிடம், 90 நிமிடம் என்ற அளவுகளில் வீடுதோறும் நுழைந்தது.

நாடா இரு ஆற்றல்களை ஒருங்கே தந்தது. ஒன்று, பேசுவோர் பேசும் வரை பதியலாம். மற்றொன்று, பதிந்ததை வெட்டலாம். ஏழரை அங்குல வேகத்தில் ஒரு நொடிப் பேச்சு நாடாவில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளம் கொள்ளும். ஒரு சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக் கேட்டு, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, சிறு அலகால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைப்பர். நேராக வெட்டினால் 'டக்' என்ற ஒலி எழும். சாய்வாக வெட்டினால் ஓர் ஒலி மற்றோர் ஒலியோடு கலந்து செல்லும். மூச்சின் நடுவே வெட்டக் கூடாது. மூச்சு முழுமையாக இருக்க வேண்டும், அல்லது முழுமையாக நீங்க வேண்டும். அறையின் பின்னணி ஒலி மாறும் இடத்தில் வெட்டினால் இரு வேறு நாட்களில் பேசியவை ஒட்டப்பட்டன என்பதைக் காது உடனே கண்டுகொள்ளும். கைத்திறன் மிக்கவர் வெட்டினால் வெட்டிய இடம் கேட்கவே கேட்காது.

திறமை மிகுந்த இடத்தில்தான் சிக்கல் பிறந்தது. அச்சில் ஒரு பகுதியை விட்டால் மூன்று புள்ளியிட்டுக் காட்டலாம். ஒலியில் அத்தகைய புள்ளி கிடையாது. பேசியவர் சொல்லாத தொடரை அவர் குரலிலேயே அமைத்துவிட முடியும். மேலும், முதல் நாடாவையே வெட்டினால் வெட்டுண்ட துண்டு தரையில் விழுந்து குப்பைக்குப் போகும். படியெடுத்துப் படியை வெட்டினாலோ ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடும். எனவே தெளிவான ஒலி வேண்டுவோர் முதல் நாடாவிலேயே கை வைக்கத் துணிந்தனர்.

விளையாட்டுத் திடலிலிருந்து மாடியறைக்கு

அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாசா 1878இல் பாரிசில் பிறந்தவர். 1914இல் முதன்முதல் புதுச்சேரி வந்து, 1920இல் மீண்டும் வந்தபின் நிலையாகத் தங்கினார். 1926இல் ஆசிரமம் உருப்பெற்றபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. 1950 முதல் 1958 வரை ஆசிரமத்து விளையாட்டுத் திடலில் இளையோரும் முதியோரும் அமர்ந்திருக்க, நூற்பகுதியைப் பிரெஞ்சு மொழியில் படித்து, வினாக்களுக்கு விடையளித்தார். தொடக்கத்தில் அவை கைக்குறிப்பாக எடுக்கப்பட்டன; பின்னர் ஒலிநாடாவிற் பதிவாயின. இவ்வுரைகள் அவருடைய நூல்தொகையில் நான்காம் தொகுதி முதல் ஒன்பதாம் தொகுதி வரை ஆறு தொகுதிகளாக அமைந்தன. கூட்டத்தின் நடுவே பேசப்பட்டவை ஆதலால், அவை பொதுவுரைகள் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

1958இன் இறுதியில் அவ்வகுப்புகள் நின்றன. அதன்பின் அன்னை பெரிதும் தம் மாடியறையிலேயே இருந்தார். அங்கே அவரோடு தொடர்ந்து உரையாடி, அவ்வுரையாடல்களைப் பதிந்தவர் சத்பிரேம். பெர்னார் ஆன்ஜாங்கே என்னும் இயற்பெயருடைய அவர் 1923இல் பாரிசில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆதிக்கத்தை எதிர்த்த இயக்கத்தில் பங்கு கொண்டு, பூக்கென்வால்ட், மௌத்தௌசன் வதைமுகாம்களில் அடைபட்டு உயிர் மீண்டவர். போருக்குப் பின் பிரெஞ்சு நிர்வாகத்தில் பணியாற்றப் புதுச்சேரி வந்தவர், பல நாடுகளில் அலைந்து, 1950களில் ஆசிரமத்திற்குத் திரும்பினார். 1957இல் அவருக்குச் சத்பிரேம் என்ற பெயர் அளிக்கப்பட்டது.

மாடியறை உரையாடல்கள் விளையாட்டுத் திடல் உரைகளிலிருந்து வேறுபட்டவை. கேட்போர் ஒருவரே. தொடர் முடிவுறாமல் நிற்கும். ஆசிரம நடைமுறைகள், உடல் நோவு, கனவு, நினைவு, தத்துவம் எல்லாம் ஒன்றினுள் ஒன்று புகும். நாள் ஏற ஏற, சொற்களுக்கு இடையே நீண்ட மௌனங்கள் வந்தன. 1973ஆம் ஆண்டு மே மாதம் வரை இவ்வுரையாடல்கள் நீடித்தன. அவ்வாண்டு நவம்பர் 17ஆம் நாள் அன்னை மறைந்தார்.

சுருக்கமாகப் பேச வேண்டிய இடத்தில் அவர் தாமே சுருக்கிக்கொண்டார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1968 பிப்ரவரி 28ஆம் நாள், வானூர்ப் பகுதியின் செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண் தாமரை மொக்கு வடிவான கலத்தில் இடப்பட்ட அந்நிகழ்ச்சிக்கு அவர் நேரில் செல்லவில்லை. தம் அறையிலிருந்தே ஆரோவில்லின் சாசனத்தைப் பிரெஞ்சு மொழியில் படித்தார். அனைத்திந்திய வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. புதுச்சேரியில் வானொலி நிலையம் ஏற்பட்டது அதற்கு முந்தைய ஆண்டில்தான். அச்சாசனம் நான்கே கூறுகள் கொண்டது. அதிலிருந்து எடுக்கவும் எதுவுமில்லை, சேர்க்கவும் எதுவுமில்லை. எழுதிப் படித்த பேச்சு, பேசுபவரே தொகுத்துத் தந்த பேச்சாகும். மாடியறைப் பேச்சோ தொகுக்கப்படாத பேச்சு. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் வெட்ட இயலாது.

ஒரே கை, இரு நூல்கள்

மாடியறைப் பதிவுகளின் ஒரு சிறு பகுதி அன்னை வாழ்ந்த காலத்திலேயே வெளிவந்தது. ஆசிரமக் கல்வி மையத்தின் காலாண்டிதழில் 1960களின் நடுப்பகுதி முதல் 1973 வரை, 'வழியில் எழுதிய குறிப்புகள்' என்று பொருள்படும் தலைப்பில் அவை வந்தன. பின்னர் அவருடைய நூல்தொகையின் பதினோராம் தொகுதியாக ஒரே நூலுள் அடங்கின. உரையாடல்களிலிருந்து பொதுமக்களுக்கு உரியதென்று கருதப்பட்ட பகுதியைப் பிரித்தெடுத்து இதழுக்கு உருவாக்கித் தந்தவர் சத்பிரேமே. அவ்வாறு எடுத்தவற்றை அன்னையிடம் படித்துக் காட்டி, எது செல்லலாம், எது செல்ல வேண்டா என்று கேட்கும் வழக்கமும் இருந்தது.

அன்னையின் மறைவுக்குப் பின், முழுப் பதிவுகளையும் வெளியிடுவது பற்றிச் சத்பிரேமுக்கும் ஆசிரமத்தாருக்கும் இடையே கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. 1970களின் இறுதியில் பாரிசிலிருந்து முழுப் பதிவின் அச்சு வடிவம் வெளிவரத் தொடங்கியது. 'அன்னையின் அஜெண்டா' எனப்பட்ட அது 13 தொகுதிகள், ஏறத்தாழ 6,000 பக்கங்கள் கொண்டது. முதல் தொகுதி 1951 முதல் 1960 வரையிலான பத்தாண்டுகளை அடக்கியது. அதன்பின் ஆண்டுக்கொரு தொகுதி. இறுதித் தொகுதி 1972, 1973 ஆகிய இரு ஆண்டுகளுக்கு உரியது. சுருக்கத்தை உருவாக்கிய அதே கை விரிவையும் வெளியிட்டது. சத்பிரேம் 2007இல் மறைந்தார்.

இவ்வேறுபாட்டில் இரு தரப்பிற்கும் உரிய நியாயங்களை எண்ணிப் பார்ப்பது தொகுப்புக் கலையை விளங்கிக்கொள்ள உதவும். தனியறையில் ஒருவரிடம் மனந்திறந்து பேசியவை அனைத்தும் உலகறியப் பேசியவை ஆகா. அப்பேச்சில் உயிரோடிருக்கும் பிறர் பெயர்கள் வரும். அவர்களைப் பற்றிய அந்தரங்கச் செய்திகள் வரும். அன்றைய மனநிலையில் சொல்லி மறுநாள் மாற்றிக்கொண்ட கருத்துகளும் வரும். பேசியவரே தம் வாழ்நாளில் ஒரு பகுதியை வெளியிடச் சம்மதித்து மறுபகுதியை நிறுத்தி வைத்திருக்கும்போது, அவ்வரம்பை மதிப்பதும் அன்பின் கடமையே. இது ஒரு தரப்பு.

மறு தரப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இதழில் வந்த பகுதி தெளிந்த முடிவுகளாகக் காட்சி தருகிறது. முழுப் பதிவிலோ அம்முடிவுக்கு முன்னே இருந்த தடுமாற்றம் தெரிகிறது. ஐயம், அயர்வு, வலி, நகைச்சுவை, பாதியில் நின்ற சொல் எல்லாம் தெரிகின்றன. சுருக்கத்தைப் படிப்பவர் ஒரு போதனையைப் பெறுகிறார். விரிவைப் படிப்பவர் முதுமையில் ஒரு மனிதர் நடத்திய தேடலைக் காண்கிறார். தேடலை நீக்கிப் போதனையை மட்டும் நிறுத்தும்போது பேசியவரின் உருவமே வேறாகிவிடக் கூடும்.

முழுமை எனப்படுவதும் ஓரளவே முழுமை என்பதை மறக்கலாகாது. பதிவுக்கருவி இயங்கும் முன் பேசப்பட்டவை நாடாவில் இல்லை. முதல் தொகுதியின் தொடக்க ஆண்டுகளில் ஓராண்டுக்குச் சில குறிப்புகளே உள்ளன. கருவியை எப்போது இயக்குவது என்று தீர்மானிக்கும் விரலே முதல் தொகுப்பாளனின் விரல். அதன்பின் ஒலியை எழுத்தாக்குவோர் இரண்டாம் தொகுப்பாளர். பகுதியைத் தெரிவு செய்வோர் மூன்றாமவர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் கொண்டு வருவோர் நான்காமவரும் ஐந்தாமவரும். கோட்டக்குப்பத்திலோ திண்டிவனத்திலோ ஒரு தமிழ் வாசகர் கையில் எடுக்கும் ஒரு சிறு பத்தி ஐந்து கைகளைக் கடந்து வந்தது. ஐவர் பெயரும் தெரிந்தால் அப்பத்தியை எந்த அளவு நம்புவது என்பதை அவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

மௌனத்தை என் செய்வது?

'அஜெண்டா'வின் பக்கங்களில் கவிஞர்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பேச்சு நின்ற இடங்களில் அடைப்புக்குறியிட்டு 'மௌனம்' என்றே அச்சிடப்பட்டுள்ளது. நீண்ட நேரம் பேச்சற்று இருந்தால் அதுவும் குறிக்கப்படுகிறது. சுருக்கித் தருவோர் முதலில் நீக்குவது மௌனத்தைத்தான். நிமிடக் கணக்கில் அது வீண். இதழின் பக்கக் கணக்கிலும் அதற்கு இடமில்லை. ஆனால் ஒரு விடை உடனே வந்ததா, நெடுநேர மௌனத்திற்குப் பின் வந்ததா என்பது விடையின் பொருளையே மாற்றும். வெட்டி ஒட்டிய பதிவில் தயங்கிச் சொன்னவர் தயங்காமல் சொன்னவராகிறார்.

கவிதையும் இச்சோதனைக்கு உள்ளாயிற்று. ஸ்ரீ அரவிந்தரின் 'சாவித்திரி' ஆங்கிலக் காவியம் ஏறத்தாழ 24,000 அடிகள் கொண்டது. 1960களில் அக்காவியத்தின் தெரிந்தெடுத்த பகுதிகளை அன்னை படிக்க, அவை ஒலிநாடாவிற் பதிவாயின. அவர் வழிகாட்டுதலில் ஆசிரம ஓவியர் ஹுதா நானூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களை அப்பகுதிகளுக்குத் தீட்டினார். பேரளவினதான காவியம் குரலுக்குள் வரும்போது தெரிவு தவிர்க்க இயலாதது. இங்கே தெரிவு செய்ததும் படித்ததும் வெளிப்படையாக ஒருவரே. தெரிவுக்கு வெளியே நின்ற அடிகள் அனைத்தும் அச்சு நூலில் இருக்கின்றன. ஆகவே இத்தொகுப்பைப் பற்றி எவரும் வழக்கிட வேண்டியதில்லை. 'வழியில் எழுதிய குறிப்புகள்' வழக்கிற்கு உள்ளானதற்கும் இது உள்ளாகாததற்கும் காரணம் தெரிவின் தரம் அன்று. முதனூல் எல்லார்க்கும் திறந்திருந்ததா என்பதே காரணம்.

தமிழ்க் கவியரங்குகளுக்கும் இது பொருந்தும். மேடைக் கவிஞர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்துவார், அவையை நோக்குவார், மீண்டும் அவ்வடியையே சொல்வார். இரண்டாம் முறை அழுத்தம் வேறு சொல்லின்மேல் விழும். முதல் முறை செய்தியாக இருந்தது இரண்டாம் முறை வினாவாகவோ எள்ளலாகவோ மாறும். இடையில் கைத்தட்டல் எழும். மூன்று மணி நேரக் கவியரங்கை முப்பது நிமிடமாக்க முனைபவர்க்கு மறுமுறை சொன்ன அடி மிகையாகவும், கைத்தட்டல் இரைச்சலாகவும் தோன்றும். இரண்டையும் நீக்கினால் அச்சில் உள்ள கவிதைதான் குரலில் எஞ்சும். அதற்கு ஒலிப்பதிவே வேண்டியதில்லை. அவை எங்கே சிரித்தது, எங்கே பேசாதிருந்தது என்பதும் அன்றைய கவிதையின் பகுதியே.

முதனூலை அழித்தவர்கள்

வாய்மொழி வரலாற்றை முறையாகத் தொகுக்கும் பணியை அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1948இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் நாடா விலை மிகுந்த பொருளாக இருந்தது. நேர்காணலைப் பதிந்து, எழுத்துப் படி எடுத்து, பேசியவரிடம் காட்டித் திருத்தியபின், நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்தினர். எழுத்துப் படியே ஆவணம் என்று அவர்கள் கருதினர். பின்வந்தோர் குரலைத் தேடியபோது அது அங்கே இல்லை. இங்கிலாந்தின் ஒலி, ஒளிபரப்புக் கழகமும் 1960கள், 1970களில் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்து, அதே நாடாவில் புதியன பதிந்தது. எவருக்கும் தீய நோக்கம் இருந்ததில்லை. இடமும் பணமும் போதாமையால் செய்தனர். சுருக்கம் கையில் இருக்கும்போது விரிவு எதற்கு என்று நினைத்தனர்.

இதே நினைப்புத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் சத்தமின்றி வேலை செய்திருக்கிறது. ஒரு காலத்தில் கூத்தும், பிரசங்கமும், இலக்கியக் கூட்டப் பேச்சும், சமயச் சொற்பொழிவும் கேசட்டுகளில் வீடுதோறும் இருந்தன. கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்கள் கடிதத்திற்கு மாறாகத் தம் குரலையே கேசட்டில் பதிந்து ஊருக்கு அனுப்பியதும் உண்டு. ஒரு கேசட்டின் மேல் மற்றொன்றைப் பதிவது மிக எளிது. பாதுகாப்புப் பல்லை ஒடிக்காமல் விட்டால் போதும், பழைய குரல்மேல் புதிய பாட்டு ஏறிவிடும். ஈரமும் பூஞ்சையும் எஞ்சியவற்றை அரித்தன. நாடாவின்மேல் பூசிய காந்தத் துகள் உதிர்ந்தால் குரல் உதிர்ந்ததாகவே பொருள்.

கணினி வந்தபின் வெட்டும் முறை மாறியது. அலையுருவாகத் திரையில் தோன்றும் ஒலியில் எங்கே வெட்டினாலும் மூலக் கோப்பு சிதையாமல் இருக்கச் செய்யலாம். படியெடுத்தால் இரைச்சல் கூடுவதில்லை. மூல நாடாவை வெட்டித்தான் தீரவேண்டும் என்ற பழைய நெருக்கடி நீங்கியது. ஆனால் புதிய வசதி பழைய கடமையைத் தானே நிறைவேற்றிவிடாது. மூலக் கோப்பை எவரும் பேணாவிட்டால், தரையில் விழுந்த நாடாத் துண்டைப் போலவே அதுவும் போய்விடும்.

இலக்கிய வட்டங்களின் கடமை

பத்தாண்டு கடந்த இலக்கிய வட்டம் ஒவ்வொன்றிடமும் கூட்டப் பதிவுகள் இருக்கும். அவற்றைக் கேட்க எவருக்கும் நூறு மணி நேரம் கிடையாது. எனவே தொகுப்பு தேவை. தொகுக்காமல் விட்டால் பதிவுகள் பெட்டியிலேயே கிடந்து மடியும். தொகுத்தவற்றைக் கேட்டுச் சுவைத்தவரே முழுப் பதிவையும் தேடி வருவர். ஆகவே சுருக்கத்தைக் குறை கூறுவது பயனற்றது. அதற்குரிய ஒழுக்கம் எது என்பதே கேட்க வேண்டிய வினா.

இதுகாறும் கண்ட வரலாற்றிலிருந்து அவ்வொழுக்கத்தின் கூறுகள் தெளிவாகின்றன. தொகுத்தவர் பெயரும், எத்தனை மணியிலிருந்து எத்தனை நிமிடம் எடுக்கப்பட்டது என்பதும், எந்த நாள், எந்த ஊர் என்பதும் தொகுப்போடு சேர்ந்தே நிற்க வேண்டும். அகநானூற்றிற்கு அது நின்றது. பேசியவர் உயிரோடிருந்தால் வெட்டிய வடிவத்தை அவரிடம் ஒருமுறை கேட்கச் செய்ய வேண்டும். மாடியறையில் அது நடந்தது. அந்தரங்கமானவற்றை நீக்கலாம், ஆனால் நீக்கியதாகச் சொல்ல வேண்டும். இரு வேறு இடங்களில் பேசியவற்றை ஒரே தொடர்போல் ஒட்டலாகாது. இடையே ஒரு கணம் ஒலியற்று விட்டால் அதுவே அச்சின் மூன்று புள்ளிக்கு ஈடாகும். பொருளுடைய மௌனத்தில் ஒன்றையேனும் முழு அளவில் விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுப் பதிவை ஓரிடத்திற்கு இரண்டிடமாகப் பேணி, விரும்பியவர் வந்து கேட்க வழி செய்ய வேண்டும்.

செஞ்சிப் பக்கத்துக் கூத்தாசிரியர் ஒருவர் விடியும் வரை ஆட வேண்டிய கூத்தை, நகர மேடையில் ஒரு மணிக்குள் ஆடிக் காட்டும் நாள்களும் உண்டு. பல இரவுகள் ஆடிப் பழகியவர் ஆதலால் எதை விட்டாலும் கதை நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். விட்ட பகுதி அவர் நெஞ்சில் இருக்கிறது; ஊர்த் திருவிழாவில் அது மீண்டும் முழுதாக வெளிவரும். நெஞ்சில் முழுக் கூத்தையும் வைத்திருப்பவருக்கே அதைச் சுருக்கும் உரிமை இயல்பாக அமைகிறது. ஒலிநாடாவுக்கு நெஞ்சு இல்லை. அதை வெட்டுபவர்தான் வெட்டாத நாடாவையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.